அறுபத்து நான்கு

மறுபடியும் நீலத் திரை.
மூன்று மணிக்குச் சற்று முன், எப்போதும்போல,
வௌவால்கள் பேசத் தொடங்கும் இடத்தில்.

மே மாதம் முழுக்க
தேவாலயத்தின் கூரையடியில் கருவி வைத்துப்
பிடித்துவந்த ஒலிகள்.
மனிதக் காதுக்கு எட்டாத கீச்சுகள்.
கணினி அவற்றைக் கோடுகளாக விரிக்கும்,
விரித்துக்கொண்டே இருக்கையில் விழும்.

முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தேன்.
பிறகு வெயிலை.
பிறகு, எதற்கும் இருக்கட்டுமென்று, பூனையை:
பெட்டியைத் திறந்தபோது
ஒரு கைப்பிடி ரோமம் வந்தது.
ஆனாலும் விழுந்தது.

மேல்மாடி ஷ்டேபான்
படிக்கட்டில் வைத்துக் கேட்டான்:
"ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்கிறதா?"
ஆமாம் என்றேன்.
"அப்படியானால் நினைவகம்" என்றான்,
குப்பைப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு.

நான்கு ராம் பட்டைகள்.
இரண்டு கடையில் வாங்கியவை.
இரண்டு, ஜனவரிப் பனியில்,
ப்ர்னோவின் கடைசி டிராம் நிறுத்தத்தில்
அறுநூறு கொருனா வாங்கிக்கொண்டு
கையுறைக்குள்ளிருந்து ஒருவன் எடுத்துத் தந்தவை.
யாரைச் சந்தேகிப்பேன், சொல்லவா வேண்டும்?

வெப்பக் குழாயைத் தொட்டு
உடம்பின் மின்னைக் கழித்தேன்.
பொன்னிறப் பற்களை அழிரப்பரால் துடைத்தேன்.
ஓர் இரவுக்கு ஒரு பட்டை.
கறுப்புத் திரையில் சோதனை ஓட,
நான் சமையலறையில் தூங்கினேன்.
நான்கு காலைகள். நான்கு முறையும் பிழை சுழியம்.
கையுறைக்காரனின் சரக்கும் சேர்த்து
நான்கு சாட்சிகளும் யோக்கியர்கள்.

ஐந்தாம் இரவு நான்கையும் சேர்த்துச் செருகினேன்.
ஒன்று பத்துக்கு ஒரு சிவப்பு வரி.
எதிர்பார்த்தது இது, கிடைத்தது அது,
இடையில் ஒரே ஒரு பிட்.
அரை மணியில் இன்னொரு வரி. அதே பிட்.
பூச்சியமாக இருக்கவேண்டியது
ஒன்றாக எழுந்து நிற்கிறது.
அதன் மதிப்பு அறுபத்து நான்கு.

தனியே விட்டால் எவரிடமும் குறையில்லை.
கூட்டி நிறுத்தி விரட்டினால்தான் உளறல்.
வேகத்தைக் குறைத்தேன்:
மூவாயிரத்து இருநூறிலிருந்து
இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சத்துக்கு.
இரண்டு இரவுகள், சிவப்பே இல்லை.

இதோடு முடிந்திருக்கவேண்டும்.

பல் துலக்கும்போதுதான் நினைவு வந்தது,
மே மாதப் பட்டியலின் அந்த ஒற்றை வரி.
நூற்றுப்பத்து கிலோஹெர்ட்ஸ்.
லாடமூக்கு வௌவால், சிறிய இனம்.
அந்தக் கூரையில் முப்பது வருடமாக
யாரும் கேட்டிராத குரல்.
வனத்துறை அலுவலகத்தில் வெந்துலா
அலமாரியிலிருந்து பிளம் சாராயம் எடுத்து
நின்றபடியே குடித்தாள், எனக்கும் ஊற்றினாள்.
கூரை மாற்ற வந்த தச்சர்கள்
அக்டோபரில் வாருங்கள் என்று
பலகைகளோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

வாயில் நுரையோடு
மின்கட்டண உறையின் பின்புறம் கழித்துப் பார்த்தேன்.
நூற்றுப்பத்தில் அறுபத்து நான்கு போனால்
நாற்பத்தாறு.

நாற்பத்தாறு என்பது
தெருவிளக்கடியில் கொசு பிடிக்கிற
சாதாரணச் சிறு வௌவால்.
கருவியின் அட்டையில் அசல் ஒலி இருந்தது.
நிதானமான வேகத்தில் மறுபடி ஓட்டினேன்.
நாற்பத்தாறு.

"அன்புள்ள வெந்துலா,
அந்த வரியைப் பற்றி"

இதுவரை எழுதிவிட்டேன்.
அந்தக் கூரையில் இந்நேரம் சுத்தியல் சத்தமில்லை.
எவரும் கொண்டாடாத சின்ன உடம்புகள்
ஓட்டு விரிசல் வழியே போகும், வரும்,
தங்களுக்குப் பதிலாக
ஓர் எண் காவல் நிற்பது தெரியாமல்.

முன்பென்றால் இந்நேரம் திரை நீலமாகி
பாதிக் கடிதத்தை விழுங்கியிருக்கும்.
நானும் காத்திருந்தேன், மறைப்பானேன்.
இரண்டு ஐம்பத்தெட்டு.
மூன்று.
மூன்று ஐந்து.

விழவில்லை.
கர்சர் மினுக்குகிறது,
மினுக்கிக்கொண்டே இருக்கிறது.