சேவ்

அம்பாசமுத்திரம் பத்திர ஆபீசுக்கு எதிர்வரிசையில்
மூன்றாவது கடை என்னுடையது.
ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன்.
ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம், பக்கம் நூற்றைம்பது.

நீங்கலாக என்ற சொல்லை
நாளைக்கு இருபது தடவையாவது அடிப்பேன்.
கிணறும் பம்புசெட்டும் நீங்கலாக.
பொதுப்பாதை ஆறடி நீங்கலாக.
மேல்புறம் நிற்கிற இரண்டு பனை நீங்கலாக.
விரல் அடித்து முடித்த பிறகுதான்
மனசு வந்து சேரும்.

கார் அறுப்பு முடிந்த ஒரு செவ்வாய் அவள் வந்தாள்.
மருந்துக்கடை கவருக்குள் அவள் அய்யாவின் உயில்,
மடிப்புகளில் வெளிச்சம் ஒழுகும் தாள்.
மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காம்.
மாசிலாமணி என்று கையெழுத்து.
ஓர் எழுத்தும் சாயாத இங்கிலீஷ்.

"இந்த ஒரு வரி போதும். தமிழ்ல அடிச்சுக் குடு."
விரல் வைத்தாள்.
எஸ், ஏ, வி, ஈ. அடுத்தது அவள் பெயர்.

"மவன் போன்ல போட்டுப் பாத்துட்டேன்.
காப்பாத்துன்னு வருது.
உலகம்மாளக் காப்பாத்துங்கலேன்னு
எழுதி வச்சிட்டுத்தான் எங்கய்யா செத்துருக்காவ.
முப்பது வருசமா இத மூடி வச்சிருக்கானுவ
கூடப் பொறந்தவனுவ."

நதியுண்ணிக் கால் பாசன நஞ்சை
ஒரு ஏக்கர் எழுபத்துமூன்று செண்டும்
மாவடை மரவடை சகலமும்
என் மக்கள் அனைவருக்கும் சமபாகமாய்,
சேவ் உலகம்மாள்.

எக்செப்ட் என்று எழுதியிருக்கலாம் அந்த மனுசன்.
பள்ளிக்கூடத்தில் எக்செப்டையும் அக்செப்டையும்
குழப்பாதே என்று பிரம்பால் சொல்லித் தந்தார்கள்.
இந்தச் சொல்லைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை.
முங்குகிறவளுக்கு நீட்டும் அதே கையை
வாசலில் நிற்கிறவளுக்குக் குறுக்கே நீட்டுமாம் அது.

கொஞ்சநேரம் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தவிர என்று போட்டால் அதில் ஒரு தவிப்பு இருக்கும்.
ஒழிய என்றால் சாபம்.
பத்திரத்துக்கு நீங்கலாக-தான் தோது.
அதில் யாரும் யாரையும் நீக்கியிருக்க மாட்டார்கள்,
தானாய் எழுந்து போனதுபோல் இருக்கும்.

பொய்யாய் அடித்துக் கொடுக்கலாம்தான்.
புதன்கிழமை வக்கீல் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

உலகம்மாள் நீங்கலாக.
அடித்தேன். வாசித்தும் காட்டினேன்.

சோற்றில் கல் கடிபட்டவள்போல்
அந்தச் சொல்லை வாய்க்குள் நிறுத்தினாள்.
பிறகு சிரித்தாள், அதை நான் எதிர்பார்க்கவில்லை.
"உலகம் நீங்கலான்னா
பொறவு என்னத்தளா பங்கு வச்சானுவ?"

பதினோரு மணிக்குக் கரண்டு போகும்.
பழக்கத்தில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினேன்.
"இப்ப என்ன செஞ்ச?"
"சேவ் பண்ணினேன்."
"எதுக்கு?"
"கரண்டு போனாலும் அழியாம இருக்கும்."
"அதே சொல்லா?"
"அதே நாலெழுத்து."

ஃபேன் சுற்றியது. வெளியே பாபநாசம் பஸ்
ஆள் ஏற்றாமலே ஆரன் அடித்தது.
"எங்கய்யா எத நெனச்சு எழுதிருப்பாவ?"
கம்ப்யூட்டர் வராத காலம் அது.
"ரெண்டுல ஒண்ணுதான்" என்றேன்.

நூற்றைம்பதை எண்ணி வைத்தாள்.
பத்து ரூபாய் நோட்டு ஒன்று கிழிசல். வாங்கிக்கொண்டேன்.
என் தாளைப் பழைய தாளுக்குள் மடித்து வைத்தாள்,
அவள் அய்யாவின் மடிப்பிலேயே.

சாயங்காலம் ஃபைலை மறுபடி திறந்தேன்.
மேலே மூல வாசகம், கீழே என் தமிழ்.
ஆங்கில வரியில் எல்லாச் சொல்லும் சரி.
அவள் பெயருக்கு அடியில் மட்டும்
நெளிந்து நெளிந்து சிவப்புக் கோடு.
அமுக்கினால் கேட்கும்:
கண்டுகொள்ளாமல் விடவா,
அகராதியில் சேர்க்கவா?

சேர்த்தேன்.
என் கடை மிஷினில் மட்டும்தான் அது செல்லும்.
நதியுண்ணிக் கரையில்
ஒரு செண்ட்கூட அதனால் நகராது.