அரை மாத்திரை

வாஷிங்டன் என்பது எங்கள் மொந்தேவிதேயோவில்
ஆட்களுக்கு வைக்கும் பெயர்.
வாஷிங்டன் தெச்சேரா, வயது ஐம்பத்தெட்டு,
இரவு டாக்ஸி.
பென்டிரைவைக் கண்ணாடி மேசையில் வைத்தார்,
விழுந்த பல்லைப் பல் டாக்டரிடம் காட்டுவதுபோல்.

புது வண்டியின் ஸ்டீரியோ
எம்பி3 தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காதாம்.
உள்ளே பதினான்கு கோப்புகள், எல்லாம் டபிள்யூ.எம்.ஏ.
இரண்டாயிரத்து மூன்று பிப்ரவரி,
கார்னிவல் மேடையில் ஒரே மூச்சில் பாடியது.
பதிவு செய்தவன் பதினான்காய் நறுக்கியிருந்தான்.
"இதில் நான் இருக்கிறேன்," என்றார்.
"பின்வரிசை, பெரிய டிரம்."

வேலையை மென்பொருள் செய்கிறது.
நான் மாத்தே குடிக்கிறேன்,
அதற்கு நூற்றி இருபது பேசோ வாங்குகிறேன்.
பச்சைப் பட்டை நகர்கையில்
எது போகிறது என்று யாரும் கேட்பதில்லை.
மனிதக் காதுக்கு எட்டாது என்று
எங்கோ எவனோ கணக்குப் போட்டதெல்லாம் போகிறது.
முன்பே ஒருமுறை போய்
மிஞ்சியதிலிருந்து மறுபடி.
மூன்றாம் முறை வெந்நீர் ஊற்றிய இலை.

செவ்வாயன்று திரும்பி வந்தார்.
"நடுவில் நிற்கிறது."
எங்கே?
"மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்.
நான்குக்கும் ஐந்துக்கும்.
ஏழுக்கும் எட்டுக்கும். அப்புறம் எல்லாமே."
ஹெட்போனை மாட்டினேன். உண்மைதான்.
எம்பி3 ஒவ்வொரு கோப்பின் தலையிலும் காலிலும்
கொஞ்சம் வெறுமையைத் தைத்துக்கொள்ளும்.
அரை மாத்திரை.
புள்ளி வைத்த ஓர் எழுத்துக்கு ஆகும் நேரம்.
அதற்குள் பதினேழு தொண்டைகள்
கதவிடுக்கில் விரல் மாட்டியதுபோல் நின்று
மறுபடி பாடின.

"யாரும் கவனிக்க மாட்டார்கள்."
"டிரம் அடிப்பவன் கவனிப்பான்."
கோபமில்லை. இரு விரலால்
மேசையில் அடித்துக் காட்டினார்:
தட்டு, தட்டு, குழி, தட்டு.

பதினான்கையும் முனைக்கு முனை ஒட்டினேன்.
எழுபத்தொரு நிமிடம், ஒரே கோப்பு,
தையல் தெரியாது.
காசு வேண்டாம் என்றேன்.
எலுமிச்சை மிட்டாய் ஒரு பொட்டலம் தந்தார்.

மூன்றாம் முறை வந்தபோது மழை.
சார்ஜர் வயர் ஒன்று வாங்கினார், தேவையில்லாமல்.
போகவில்லை.
"அடுத்த பாட்டுப் பட்டனை அழுத்தினால்
முதலிலிருந்து தொடங்குகிறது."
அடுத்த பாட்டு என்று ஒன்று இல்லையே இப்போது.
"இருபத்தாறாம் நிமிடத்தில்
ஸுல்மா தனியாகப் பாடுகிறாள்.
ஆறாவது கோப்பு."

இருபது வருடமாக
ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவியிருக்கிறார்.
வண்டிக்கு வண்டி மாறியும்
கட்டைவிரலுக்கு மனப்பாடம்.
அன்று ஓட்டைகளை எண்ணியபோது
ஐந்துக்குப் பிறகு ஒன்றை விட்டுவிட்டார்.
எனக்குத்தான் உறைக்கவில்லை.

ஸுல்மா யார் என்று கேட்கவில்லை.
திரும்ப நறுக்கித் தரட்டுமா என்றேன்.
இல்லாவிட்டால் அந்த ஆறை எடுத்துவிட்டு
இரு முனையையும் ஒட்டலாம், ஐந்து நிமிட வேலை.

அவர் சட்டைக் கையிலிருந்து
மேசையில் நீர் சொட்டியது.
"நேற்று அந்த நிமிடம் வந்தபோது
பின்சீட்டில் ஒரு நர்ஸ், தூங்கிக்கொண்டு.
இந்த மழை. இரு கையும் ஸ்டீயரிங்கில்.
கேட்டுவிட்டேன்."

கேட்டு?

"நான் பிந்தி அடித்திருக்கிறேன்.
இரண்டாம் அடி எடுக்குமுன் அவள் நிற்கிறாள்,
நான் வந்து சேரட்டும் என்று.
ரொம்ப இல்லை. இவ்வளவு..."
சொடுக்கப் போன விரல் சொடுக்கவில்லை.

ஒட்ட வேண்டாம் என்றோ
வெட்ட வேண்டாம் என்றோ சொல்லாமல்
எழுந்து போனார்.

கடையைச் சாத்துமுன் திரையில் தேடினேன்.
இருபத்தாறு நிமிடம், நாற்பது விநாடி:
அலைகளுக்கு நடுவே மயிரிழைப் பள்ளம்.
பழைய டபிள்யூ.எம்.ஏ.வையும் திறந்து பார்த்தேன்.
அதிலும் இருந்தது.

சார்ஜர் வயர்
மேசையிலேயே கிடந்தது.