புளோவர் நின்ற இரவு

ஜனவரி. கரட் பாத்திகளில் உறைபனி.
தொட்டிக்குள் பதினொரு பாகை.
நுண்ணங்கிகளுக்கும் குளிரும்;
இருபது நாளில் முடிக்கிற வேலையை
நாற்பது நாள் இழுத்தடிக்கும்.

வருடப் பிறப்புக்கு நுவரெலியா வந்த கொழும்புக் கார்கள்
இறங்கிப் போய்விட்டன.
அவர்கள் விட்டுச்சென்றது என்னிடம் இருக்கிறது.

நான் அவற்றுக்குச் சோறு போடுவதில்லை.
அதுதான் என் உத்தியோகம்.
காற்று மட்டும் கொடுப்பேன்,
பசியோடு வைத்திருப்பேன்.
தின்ன ஒன்றும் இல்லாமல்
தம் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்னும்.
கசடு சுருங்கும், நாற்றம் அடங்கும்.
இதை விளக்கப் போனால் வீட்டுக்காரர்
சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு
அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

ஆறு வருடமாய் புளோவர் நின்றதில்லை.
காற்று கூடக் கூட நல்லது என்று
சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன தாள் சொன்னது.
நாங்களும் ஊதினோம்.
லைட் பில் ஏறியது.
தொட்டி புளித்தது:
ஃபஸ்மியா ஒவ்வொரு காலையும் மீற்றரைக் காட்டுவாள்,
ஐந்து தசம் ஒன்பது,
ஐந்து தசம் எட்டு.
அதற்குமேல் நான் சுண்ணாம்பு மூடை சுமப்பேன்.
என் வலது தோளில் அந்தக் கணக்கு இன்னமும் இருக்கிறது.

பதினேழாம் திகதி, இரவு ஒன்று பத்து.
கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை,
ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

முதலில் நுரை படுத்தது.
பிறகு குமிழிகள், ஒவ்வொன்றாய், யோசித்து யோசித்து.
பிறகு
எங்கோ ஒரு பைப் சொட்டியது.
ரேஸ் திடலில் ஒரு குதிரை செருமியது.
என் மூக்கில் போய்வரும் மூச்சு
இவ்வளவு சத்தமானது என்று எனக்குத் தெரியாது.

பயம்தான்.
காற்றில்லாவிட்டால் அழுகும், நாறும்,
கீழ் வீதியில் இன்னொரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதுவார்கள்.
டோர்ச்சோடு தொட்டி விளிம்பில் குந்தி
மோந்துகொண்டே இருந்தேன்,
பால் பொங்குமோ என்று நிற்பவளைப் போல.
மூன்று இருபதுக்கு லைட் வந்தது.

காலையில் ஃபஸ்மியா மீற்றரை ஒரு தரம் கழுவினாள்.
மறுபடி கழுவினாள்.
ஆறு தசம் இரண்டு.
"அக்கா, சுண்ணாம்பு போட்டீங்களா?"
மூடை கட்டவிழ்க்காமல் கிடந்தது.

தினுஷ்க மாத்தையா தரையில் சோக்கட்டியால் வரைந்து சொன்னார்:
காற்று இருக்கும்போது அமோனியா நைத்திரேற்றாகிறது,
தொட்டியின் காரத்தைச் செலவழிக்கிறது.
காற்றை நிறுத்தினால்
அந்த நைத்திரேற்றில் இருக்கிற ஒட்சிசனையே உரித்து
அவை மூச்சுவிடும்.
செலவழித்த காரத்தில் பாதி திரும்பிவரும்.
பாதியா, என்றேன்.
என் தங்கச்சி புருசனிடம் கொடுத்த கடனில்
அதுகூட வரவில்லை.

பதிவுப் புத்தகத்தில் 'காரணம்' என்ற நிரலில்
'மின்வெட்டு' என்று எழுதியிருந்தேன்.
அடுத்த வாரம் அதே நேரத்துக்கு
நானே சுவிட்சை இறக்கினேன்.
அங்கே 'திட்டமிட்டது' என்று எழுதச் சொன்னார்.
எழுதினேன்.
பழையதை வெட்டச் சொன்னார்.
அதை வெட்டவில்லை.

இரண்டு மணிநேரம் காற்று, ஒரு மணிநேரம் ஓய்வு.
ஒன்றரை மணிநேரம் நிறுத்திப் பார்த்தோம், முட்டை நாற்றம், விட்டோம்.
ஸ்ட்ரோபரி கூடாரத்தில் கழித்துவிட்ட பொலித்தீனை வாங்கி
தொட்டிமேல் இழுத்துக் கட்டினோம்;
பாகை இரண்டு ஏறியது.
தண்ணீரை வடித்து, கசடைத் தடிப்பாக்கி விட்டோம்.
மார்ச்சில் மூடைக்காரன் வந்து
ஏன் அக்கா ஓர்டர் இல்லை என்றான்.
உலர்த்தும் பாத்தியில் ஒரு கட்டியை உடைத்து மோந்தேன்.
மண். வெறும் மண், கொஞ்சம் ஈரம்.

இன்றும் இரண்டு மணிக்கு நிறுத்துகிறேன்.
குதிரை இருக்கிறதா என்று காது கொடுக்கிறேன்.
சில இரவுகளில் இருக்கும்.
தொட்டிக்குள் கோடானுகோடி வாய்கள்
இல்லாத காற்றைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கின்றன.
எனக்கு ஒரு மணிநேரம் வேலையில்லை.
பிளாஸ்க்கைத் திறக்கிறேன்.