மூடிக்கு அடியில்

மீனாட்சிபுரம் செக்போஸ்டில்
விடிந்ததிலிருந்து பதினேழு டேங்கர்.
மூடி திறப்பார்கள், குச்சியை இறக்குவேன்.
நாலு. ஐந்து. நாலரை.
பால் எல்லை தாண்டிப் போகும்.
ஒன்று மட்டும் பதினொன்று காட்டியது.
தாராபுரத்து டிரைவர் இறங்கி வந்தார்.
"மோந்து பாருங்க அம்மிணி,
பச்சைக் கொழந்தை மணமா இருக்குது."
மூக்குக்கு டிகிரி தெரியாதுங்க என்று
சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
வண்டியைப் புளியமரத்தடியில் ஓரம்கட்டினார்.

வீடு வரும்போது மணி ஆறு.
பதின்மூன்று பேர் உண்டு எழுந்த இலைகள்
கொல்லையில்.
ஊஞ்சலில் யாரோ குறட்டை.
அடுக்களையில் எல்லாம்
உச்சிப்பொழுதில் இறக்கிவைத்தது வைத்தபடி.
எனக்கும் ஓர் இலை போட்டிருந்தாள் நாத்தனார் லதிகா,
உப்பேரி ஓரத்தில், பழம் மேலே.
உட்காரவில்லை.
பையிலிருந்து குச்சியை எடுத்தேன்.
(ஆபீஸ் குச்சி இல்லை. சொந்தக் காசு,
இருநூற்று நாற்பது.)

சாம்பார் முப்பத்தாறு.
ஓலன் முப்பத்து மூன்று.
அவியலில் குத்தியபோது லதிகா முகம் சுருங்கியது.
"காய்ச்சல் பாக்கறியா அதுக்கு?
மோந்து பாரு, ஒண்ணுமே ஆகலை."

மோந்து பார்த்தேன்.
ஒன்றுமே ஆகவில்லைதான்.
தயிரும் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும்
பகல் பன்னிரண்டு மணி போலவே மணத்தன.
நாலு மணிக்கு எழுந்து அவள் அரிந்த காய்,
சேனையில் கை நமைத்து
புளி தேய்த்துக்கொண்டு அரிந்தது.
ஆறு மணி நேரம் அண்டாவில்,
ஆவணி வெக்கையில், மூடிக்கு அடியில்
என்ன நடந்திருக்கும் என்று
எப்படிச் சொல்வேன் அவளிடம்?
சொல்லவில்லை.
தென்னைக்குழி வெட்டினேன்.
அண்டாவின் ஒரு காதை நான் பிடித்தபோது
மறு காதை அவள் பிடித்தாள்,
பேசாமல்.

தப்பித்தவை:
இஞ்சிப்புளி. அதற்கு யார் தயவும் வேண்டாம்.
விறகடுப்பில் தணல் மேலேயே இருந்த எரிசேரி, அறுபத்தேழு.
ராத்திரி விருந்தாளிக்கென்று
அப்போதுதான் கொதித்து இறங்கிய அடைப்பிரதமன்,
உருளி நிறைய.

உருளியோடு ஆற விட்டால் விடியும்.
பரணிலிருந்து
லதிகாவின் கல்யாணச் சீர் தாம்பாளங்கள் இறங்கின.
பேர் வெட்டியது, ஒரு நாளும் புழங்காதது.
விரலளவு உயரத்துக்கு ஊற்றி
தண்ணீர்ப் பரப்பில் நிறுத்தி
டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம்.
ஆறுச்சாமிக்கு எறும்புக் காவல்.
மனிதர் ஒவ்வொரு தட்டிலும் விரல் விட,
கரண்டியால் ஓர் அடி.

பிரிட்ஜிலிருந்து வெளியேறியவை:
நாலு தண்ணீர் பாட்டில்,
பூக்களத்தில் மிஞ்சிய செண்டுமல்லி,
பழைய மாத்திரை அட்டை,
எவருடையதோ நகப்பாலிஷ்.
சின்னச் சின்ன டப்பாவாக,
ஒன்றையொன்று தொடாமல்.

ஒன்பதரைக்குக் கரண்ட் போனது.
"யாரும் தொறக்கக் கூடாது" என்றேன் இருட்டைப் பார்த்து.
ஆறுச்சாமி நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு
அதிலேயே தூங்கிப்போனார்.
பதினொன்றுக்கு மோட்டார் உறுமியபோது
கும்பிட்டது லதிகாதான்.

மறுநாள் எரிசேரியைத்
தளதளவென்று கொதிக்கவிட்டு
டப்பாவில் எடுத்துப் போனேன்.
புளியமரத்தடியில் அதே டேங்கர்.
முதலாளி போன் எடுக்கவில்லையாம்.
அவிட்டத்துக்கு ஓட்டலும் இல்லை.
பாதி டப்பாவை நீட்டினேன்.
மூடியைத் திறந்தார்.
மூக்கருகே கொண்டுபோய்
நிதானமாக மோந்து பார்த்தார்,
என்னையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு.
நான் காத்து நின்றேன்.