இருபத்தொன்று

மேல் இடது முன்பல். எண் இருபத்தொன்று.
தமயந்தி த/பெ கோபாலன், வயது முப்பத்தாறு.
காரணம் என்ற கட்டத்தில்
டாக்டர் நூர்ஹயாத்தியின் அவசரக் கையெழுத்து:
குளியலறையில் வழுக்கி விழுந்தது.

முகம் தெரியாது எனக்கு.
மஞ்சள் கல்லில் வார்த்த ஈறும்
அதன் நடுவே திருகாணி போட்ட ஒரு பள்ளமும்தான்
மேசைக்கு வரும்.

முதல் தடவை செய்த பல் அழகாக இருந்தது.
அதுதான் பிழை.
மூன்றாம் நாள் பிளாஸ்டிக் பையில் திரும்பி வந்தது,
"பொய்ப்பல் மாதிரி இருக்காம்."
சிர்கோனியா அறுக்கும் ஆ லெங்
தூசி முகமூடிக்குள் சிரித்தான்:
"உன் பல் ரொம்ப நல்ல பிள்ளை, பாஸ்."

படத்தின் குற்றம்.
வாய் திறந்தே கிடந்தால் பல் காய்ந்துவிடும்,
காய்ந்த பல் வெளுத்துப்போகும்,
அந்தப் பொய் வெளுப்பைப் பார்த்துத்தான்
நான் தூள் குழைத்திருக்கிறேன்.

பர்மா ரோடு கிளினிக்குக்கு நானே போனேன்,
காலை ஒன்பதரை, வடக்கு ஜன்னல்,
லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொன்னேன்.
வாயை மூடுங்கள்.
நாக்கால் ஒருமுறை நனையுங்கள்.
இப்போது.

பக்கத்துப் பல்
கழுத்தில் தே ஓ மஞ்சள்,
நடுவில் லேசான புகை,
நுனியில் மழைக்கு முந்தைய கர்னி டிரைவ் கடல்.
உள்ளே மூன்று விரல் நீட்டியது போல்
வெளிர் நிழல்கள்.
ஈறோரம் ஒரு வெள்ளைப் பொட்டு,
எந்த வயதுக் காய்ச்சலோ.
அப்புறம் ஒரு விரிசல்,
முடி கனம்கூட இல்லை,
பக்கவாட்டில் சாய்ந்து ஏறுகிறது.

விழுந்தவர்கள் வாயை நிறையப் பார்த்திருக்கிறேன்.
தரை கீழேயிருந்து வரும்.
இந்தக் கோடு வந்த திசை வேறு என்று பட்டது.
நான் டாக்டர் இல்லை.
என் வேலை நிறம்.
"கோட்டையும் போட்டால்தான்
இரண்டும் கூடப் பிறந்தது மாதிரி இருக்கும்," என்றேன்.

அவர் கைப்பையின் ஜிப்பை
இழுத்தார், மூடினார், இழுத்தார்.
"மஞ்சள் போடுங்க. புகை போடுங்க.
அந்தப் பொட்டுகூடப் போடுங்க, அது என்னோடது.
கோடு வேண்டாம்."

இரவு மெக்காலிஸ்டர் ரோட்டு மாடியில்
ஏர்கான் சொட்டிக்கொண்டிருந்தது.
ஈரத்தூளைத் தூரிகை நுனியில் எடுத்து
சொல்லப்போனால் மாவுதான்
ஒவ்வொரு விரலாக அடுக்கினேன்,
கொஞ்சம் பெரிதாகவே,
சூளைக்குள் எல்லாம் சுருங்கும்.
டைட்டானியத்தின் சாம்பல் ஈறுவழி எட்டிப் பார்க்காதபடி
அடியில் ஒரு கனத்த பூச்சு.
வெள்ளைப் பொட்டை ஒரு மில்லி தள்ளி வைத்தேன்.
அச்சாக ஒன்றுபோல் இருந்தால்
அதுவும் காட்டிக்கொடுக்கும்.

கடைசியில்
கை தானாகப் பழுப்பைத் தொட்டது.
இருபத்திரண்டு வருடப் பழக்கம்,
விரிசல் வரைவதில் எனக்குப் பெயர் உண்டு,
கேஎல் ஆய்வகங்கள்கூட அனுப்புவார்கள்.
தூரிகை பல்லின் மேல் நின்றது.
துணி எட்டவில்லை.
மணிக்கட்டில் இழுத்துத் துடைத்தேன்.

சூளைக் கதவு ஏறி மூடியது. எழுநூற்று அறுபது டிகிரி.

பொருத்தியபோது ஈறு வெளுத்தது.
அழுத்தம், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர்.
சுவரில் கடிகாரம், யாரும் பேசவில்லை.
ஏழாவது நிமிடம்
ஓரத்திலிருந்து சிவப்பு திரும்பியது.
தமயந்தி கண்ணாடியை வாங்கி
மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.
சிரிக்கவில்லை.
நாக்கு நுனியால் ஒன்றைத் தொட்டார்,
மற்றதைத் தொட்டார்,
மறுபடி முதலாவதை.
"ம்," என்றார்.

உற்றுப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.
விரிசல் இல்லாத பல்தான் புதுசு.

விண்ணப்பத்தில் குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது.
எழுதினேன்:
கழுத்து ஏ மூன்றரை. உடல் ஏ மூன்று.
கோடு, நோயாளி விருப்பப்படி, இல்லை.

பெரியில் பட்டர்வொர்த் திரும்பும்போது பார்த்தேன்,
முந்தின இரவு துடைத்த பழுப்பு
மணிக்கட்டு மடிப்பில் இன்னும் கொஞ்சம்.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.