விலை எழுதாத எலுமிச்சை

கிஹோன் துறைமுகத்துக்கு எதிரே இரண்டாம் மாடியில்
என் மேசை. சன்னல் நிறைய மழை, பளுதூக்கிகள்.
எதிரே நெலிதா கிரோஸ்.
தரை நனையுமென்று ஈரக் குடையை
மடியிலேயே வைத்திருந்தாள்.

புகார் அவளுடையதல்ல, கீழ்வீட்டுக்காரருடையது.
திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனேன்.
கத்தி காட்டினாரா? இல்லை.
கழுத்தைப் பிடித்தாரா? இல்லை.
பிள்ளைகள் பார்த்தார்களா? பிள்ளைகள் இல்லை.
வளர்ப்புப் பிராணி?
நாய் இருந்தது.
இருந்தது என்பதற்குக் கட்டம் கிடையாது.
அடுத்த கேள்விக்குப் போனேன்.

கணினி பச்சையாகச் சொன்னது: ஆபத்து குறைவு.
கையெழுத்துப் போட்டாள். போனாள்.
நாற்காலியில் ஒரு வீட்டுக் கணக்கு நோட்டு.

பயிற்சிக் காலத்தில் எனக்குப் பிடித்தது
மறையெழுத்தின் கதை மட்டும்தான்.
அடிமையின் தலையை மழித்து, தோலில் செய்தி குத்தி,
முடி வளரும்வரை காத்திருந்து அனுப்பினார்களாம்.
பலகையின் மெழுகைச் சுரண்டி மரத்தில் எழுதி
மறுபடி மெழுகு பூசினார்களாம்.
பாக்தாதில் ஒருவர் எதையும் சுரண்டவில்லை,
எண்ணினார். எந்த எழுத்து அதிகம் வருகிறதோ
அதில் கைவைத்தால் பூட்டு திறக்கும் என்றார்.
வகுப்பில் சிரித்தோம்.
அடிமைக்கு வலித்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ரொட்டி, ஒன்று இருபது.
மத்தி அரைக் கிலோ, மூன்றரை.
எலுமிச்சை 2. விலை இல்லை.
சோப்பு, மின்கட்டணம், நாய்த்தீனி.
எலுமிச்சை 1. விலை இல்லை.

எலுமிச்சைச் சாறு ரகசிய மை என்பது
எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.
பக்கத்தை மேசை விளக்கில் காட்டினேன்.
காகிதம் சுட்டது. வேறொன்றும் வரவில்லை.
அவள் எதையும் ஒளிக்கவில்லை.
நான்தான் படிக்காமல் தேடிக்கொண்டிருந்தேன்.

எண்ணினேன்.
ஓர் எலுமிச்சைக்கும் அடுத்ததற்கும் இருபத்துநான்கு நாள்.
பிறகு பதினைந்து. ஒன்பது. பத்து
(அந்த வாரம் அவனுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம்).
ஐந்து. நான்கு.
பிப்ரவரி பத்தோடு நாய்த்தீனி நின்றுவிட்டது.
அதே தேதியில் எலுமிச்சை 4.
கடைசியாக ஞாயிற்றுக்கிழமை: எலுமிச்சை அரைக் கிலோ.
கை நடுங்கிய கோடு, தாளைக் கிழித்திருந்தது.
இன்று புதன்.

மேலதிகாரி எவெலியோ காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்:
பச்சை என்றால் பச்சை.
காய்கறிக் கணக்கையா நீதிபதியிடம் நீட்டுவாய்?

சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.
நான்காம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.
மாடிப்படி விளக்கு நிமிடத்துக்கொரு முறை தானாக அணைந்தது,
தடவித் தடவிப் பொத்தானை அமுக்கி ஏறினேன்.

கதவு ஒரு சாண் திறந்தது.
வகிடு இடம் மாறியிருந்தது.
முடிக்குள் என்ன எழுதியிருக்கிறதென்று
நான் கேட்கவில்லை. நோட்டை நீட்டினேன்.

உள்ளேயிருந்து தொலைக்காட்சியைத் தாண்டி ஒரு குரல்:
யாரது?

அவள் என்னைப் பார்த்தபடியே சொன்னாள்:
எலுமிச்சை வேணுமான்னு கேக்கறாங்க.

வேண்டாமென்று சொல்லித் தொலை.

வேண்டாம், என்றாள் நெலிதா.
மெதுவாக, ஓர் அந்நிய மொழியின்
முதல் சொல்லை உச்சரித்துப் பார்ப்பதுபோல.
இன்னொரு முறையும் சொன்னாள். வேண்டாம்.

என் காலைக் கதவிடுக்கில் வைத்திருந்தேன்.
வெறுங்காலோடு அதைத் தாண்டி வெளியே வந்தாள்.
விளக்கு அணைந்தது.
பொத்தான் எங்கே இருக்கிறதென்று
அவளுக்குத் தெரிந்திருந்தது.
அமுக்கவில்லை.
இருட்டிலேயே இறங்கினோம்,
அவள் முன்னால், படிகளை எண்ணிக்கொண்டு.