கார்ப்பெட் ஏரியா

முந்நூறு சதுர அடி என்கிறது ஒப்பந்தம்.
டேப் எதுவும் கொண்டுவரவில்லை செல்லக்கனி.
"அவரு படுத்தா கால் சுவத்துல இடிக்குது மேடம்.
பழைய வீட்ல இடிக்கல."

பழைய வீடு தாராவி தொண்ணூறடி சாலைக்குப் பின்னால்,
காகிதத்தில் இதைவிடச் சின்னது.
இதை எப்படி மனுவில் எழுதுவது?
மனுதாரரின் கணவர், வயது ஐம்பத்திரண்டு,
சமையல் மேடைக்கும் தெற்குச் சுவருக்கும் நடுவே
ஒன்றேகால் சாண் மிஞ்சுகிறார் என்றா?

முன்பணத்தை எண்ணாமல் வாங்கினேன்.
பிடுங்கி, தானே எண்ணிக் காட்டினாள்:
"பேச்சு வேற, துட்டு வேற."

சர்ச்கேட்டில், சட்டக் கல்லூரியில், ஒழுகும் வகுப்பில்
கிரேக்கத்துப் பேச்சு வியாபாரிகளைப் பற்றி
ஒரே ஒரு மணி நேரம் நடத்தினார்கள்.
கூலி வாங்கிக்கொண்டு வாதிடச் சொல்லிக்கொடுத்தவர்கள்.
மெலிந்த கட்சிக்குச் சதை போடுகிறவர்கள்.
எல்லாவற்றுக்கும் மனிதனே அளவுகோல் என்றானாம் ஒருவன்.
அதை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டு
கீழே கேன்டீன் பாக்கி பதினெட்டு ரூபாய் என்று குறித்திருக்கிறேன்.

எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது.
ஏதென்ஸுக்கு அவர்களும் வெளியூர்க்காரர்கள்.
ஓட்டு கிடையாது, நிலம் கிடையாது, நாக்கு மட்டும்.
இன்று அவர்களைப் பற்றிக் கிடைப்பதில் பெரும்பகுதி
எதிர்க்கட்சி எழுதிவைத்தது.
ஒருதலைத் தீர்ப்பு.
அப்பீலுக்கு ஆளில்லை.

போன வருஷம் விக்ரோலி கேஸில் நான் பில்டர் பக்கம்.
சுவரும் வீடுதான் என்று வாதிட்டேன்.
சுவர் இல்லாவிட்டால் உள்ளே என்ற சொல்லுக்கே இடமில்லை,
உள்ளே இல்லாவிட்டால் வீடு ஏது,
ஆகவே சுவரின் கனத்துக்கும் காசு உண்டு.
பின்வரிசையில் முப்பத்தொரு குடும்பங்கள்.
ஜெயித்தேன்.
அன்றிரவு மாட்டுங்காவில் நெய் ரோஸ்ட்.

இன்று எதிர்த்தரப்பில் பெண்ட்ஸே
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி
அந்தத் தீர்ப்பின் பதினான்காம் பத்தியைப் படிக்கிறார்.
என் வாசகங்கள். என் அரைப்புள்ளிகள்.
அவர் குரலில் இன்னும் நன்றாக இருக்கின்றன.
ஒரு நிமிஷம் எனக்கே சம்மதமாகிவிட்டது.

எழுந்தேன்.
சுவர் வீட்டைச் சேர்ந்ததல்ல.
சுவர் என்பது வீடு முடிகிற இடம்.
முடிவில் யாரும் பாய் விரிப்பதில்லை.
இதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஆணையத்தின் அம்மா பேனாவை மூடினார்.
"பொய் சொன்னது போன வருஷமா, இப்போதா?"
"இரண்டு தடவையும் கட்சிக்காரர் சொன்னதைச் சொன்னேன்" என்றேன்.
அரங்கமே சிரித்தது.
செல்லக்கனிக்கு இங்கிலீஷ் புரியாது.
ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து
அவளும் சிரித்தாள்.

வாயிலிருந்து வருவது வாய்மை. அது என் பிழைப்பு.
மெய் என்றால் உடம்பு என்றும் பொருள் உண்டு.
அது ஒன்பதாவது மாடியில்
முழங்காலை மடக்கிக்கொண்டு தூங்குகிறது.
அதனிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்க
எனக்குத் தெரியவில்லை.

வாய்தா: இருபத்தேழாம் தேதி.

நேற்று இரவு பத்தரைக்கு போன். பின்னால் குக்கர் விசில்.
"மேடம், இவரு கோணலாப் படுத்துப் பாத்தாரு.
இந்த மூலையில தலை, அந்த மூலையில கால்.
நல்லா நீட்ட முடியுது.
இதைக் கோர்ட்ல சொல்லணுமா?"

சயான் பக்கம் ஒரு லோக்கல் கடந்து போகும்வரை
பேசாமல் இருந்தேன்.
வேண்டாம் என்றேன்.
"நேராவே படுக்கச் சொல்லுங்க.
இருபத்தேழு வரைக்கும்."